கணவர் சிறையில், ‘பிள்ளையைக் காட்டு, டி.என்.ஏ. எடு’ என்று நோட்டீஸ். என்ன செய்வது?

தேவகோட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எட்டுப் பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 29. காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். கணவர் பைனான்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தவர். டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் திரும்பாமல் போனதும் கைதானார். 74 நாள் ரிமாண்ட், அப்புறம் ஜாமீன். கைதான நாளிலிருந்து 262-ஆவது நாள் மகன் பிறந்தான். மூன்றரை வருடம் மூன்று பேரும் கணவரின் பூர்வீக வளவு வீட்டில்தான் இருந்தார்கள். பிறகு ஏழு வருடத் தண்டனை வந்து, மேல்முறையீட்டிலும் உறுதியாகிவிட்டது. கணவர் ஒரு வருடமாக மதுரை மத்திய சிறையில் இருக்கிறார். இவர் மகனோடு பிறந்த வீட்டுக்கு வந்துவிட்டார். “அப்பச்சி எப்ப வருவாக?” என்று பையன் கேட்டால் “சிங்கப்பூரில் இருக்காக” என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

போன மாதம் கணவர் பெயரில் ஒரு வக்கீல் நோட்டீஸ் வந்திருக்கிறது. அதில் இரண்டு கோரிக்கைகள். மாதம் ஒரு முறை மகனைச் சிறைக்கு அழைத்து வந்து காட்ட வேண்டும். பிள்ளையின் தகப்பன் யார் என்பதை உறுதிசெய்ய டி.என்.ஏ. சோதனைக்குச் சம்மதிக்க வேண்டும். இதைப் பின்னால் இருந்து நடத்துவது கணவரின் அண்ணன் என்கிறார். “ஜாமீனில் வந்து 188-ஆவது நாள் பிறந்த பிள்ளை எப்படி 2.9 கிலோ இருக்கும்? 280 நாள் என்று சட்டமே இருக்கிறது” என்று பங்காளிகளிடம் அவர் கணக்குச் சொல்லி வருகிறாராம். கோயிலில் பையனுக்குப் புள்ளி (கோயில் கணக்கில் ஒரு குடும்பமாகப் பதிவது) சேர்க்க விடமாட்டேன் என்கிறாராம். வளவு வீட்டில் பிள்ளைக்குள்ள பங்கை விட்டு விடுதலைப் பத்திரம் எழுதித் தந்தால் இந்தப் பேச்சையே விட்டுவிடுவதாக ஆள் விட்டும் சொல்லியிருக்கிறார். இதற்கு நடுவில் மாமியார் போன் செய்து, பிள்ளையார் நோன்புக்கு இழை (திரி ஏற்றிய நோன்பு மாவு) எடுத்துக்கொள்ளப் பேரனை அனுப்பச் சொல்கிறார்.

“சோதனையை எடுத்து அவர்கள் முகத்தில் விசிறி எறிந்துவிட்டு, ஜெயிலுக்குப் போனவருக்குப் பிள்ளையைக் காட்ட முடியாது என்று சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். ஜெயிலுக்குப் போனால் தகப்பன் உரிமை போய்விடும்தானே? ஐந்து வயது முடிந்தால் பிள்ளை அவர்கள் கைக்குப் போய்விடும் என்கிறார்களே, உண்மையா? எங்கள் கல்யாணத்தைப் பதிவே செய்யவில்லை, அதனால் ஏதும் வருமா?” இவைதான் அவர் கேட்பவை.

சகோதரி, உங்கள் கோபம் நியாயமானது. ஆனால் நீங்கள் எடுத்திருக்கும் இரண்டு முடிவுகளையும் அப்படியே திருப்பிப் போடச் சொல்வேன். சோதனைக்கு நீங்களாகப் போகாதீர்கள். பிள்ளையைக் காட்ட மாட்டேன் என்றும் சொல்லாதீர்கள். இரண்டுக்கும் காரணம் சொல்கிறேன்.

அந்த நாள் கணக்கு

உங்கள் கணவரின் அண்ணன் சொல்லும் 280 நாள் சட்டத்தில் இருப்பது உண்மைதான். பழைய சாட்சியச் சட்டத்தின் 112-ஆம் பிரிவில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 116-ஆம் பிரிவாக இருக்கிறது. ஆனால் அது சொல்வது வேறு. திருமண உறவு நீடிக்கும்போது பிறந்த பிள்ளை கணவரின் பிள்ளைதான். அதற்கு மேல் சாட்சி வேண்டாம். திருமணம் முறிந்து, தாய் மறுமணம் செய்யாமல் இருக்கும்போது 280 நாளுக்குள் பிறந்தாலும் அப்படியே. ஆக, 280 என்பது திருமணம் முறிந்தவர்களுக்கான எண். உங்கள் திருமணம் முறியவே இல்லை. அந்த எண்ணுக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை.

இந்த அனுமானத்தை உடைக்க ஒரே வழிதான் உண்டு. கரு உண்டாகியிருக்கக்கூடிய காலம் முழுவதும் கணவனும் மனைவியும் சேர்ந்திருக்க வாய்ப்பே இல்லை என்று எதிர்த்தரப்பு நிரூபிக்க வேண்டும். கைதாவதற்கு முந்தைய இரவு வரை நீங்கள் ஒரே வீட்டில் இருந்திருக்கிறீர்கள். அங்கேயே அவர் வாதம் நின்றுவிடுகிறது.

மருத்துவக் கணக்கையும் பார்த்துவிடுவோம். டாக்டர்கள் சொல்லும் 40 வாரம், அதாவது 280 நாள், கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து எண்ணுவது. கரு உண்டாவது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. அப்படிப் பார்த்தால் கரு உண்டான நாளிலிருந்து பிரசவம் வரை சராசரியாக 266 நாள். உங்கள் மகன் கைதான நாளிலிருந்து 262-ஆவது நாள் பிறந்திருக்கிறான். கைதாவதற்குச் சற்று முன் தங்கிய கரு, மாதம் நிறைந்து, நல்ல எடையோடு பிறந்திருக்கிறது. இதில் அதிசயம் என்ன? 188 நாளில் 2.9 கிலோ பிள்ளை பிறக்காது என்பது சரி. அதனால் தெரிவதெல்லாம் ஜாமீனுக்குப் பிறகு உண்டான பிள்ளை இல்லை என்பது மட்டும். அப்படி யாரும் சொல்லவில்லையே! கைதுக்கு முந்தைய நாட்களை விட்டுவிட்டு எண்ணியிருக்கிறார். அறியாமல் விட்டாரா, அறிந்தே விட்டாரா என்பது அவருக்குத்தான் வெளிச்சம்.

உங்களிடம் இருக்கும் தாய் சேய் அட்டை, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பதிந்த பிக்மி எண் (கர்ப்பப் பதிவு எண்), மூன்றாம் மாத ஸ்கேன் இவற்றைப் பத்திரமாக வையுங்கள். கரு எப்போது உண்டானது என்பதற்கு ஆரம்ப மாதங்களில் எடுத்த ஸ்கேன் நல்ல சான்று. பிறப்புச் சான்றிதழில் கணவர் பெயர் இருக்கிறது. காதுகுத்துப் படத்தில் பிள்ளையை மடியில் வைத்திருப்பதும் அவர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். ஜாமீனில் வந்த மனிதர் ஸ்கேன் படத்தைப் பர்ஸில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் காட்டினார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். மூன்றரை வருடம் மகனாக வளர்த்தவர் இன்று எந்த முகத்தோடு மறுப்பார்?

கல்யாணத்தைப் பதிவு செய்யாதது பற்றி: தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு கட்டாயம்தான். ஆனால் பதியாததால் இந்துத் திருமணம் செல்லாமல் போகாது. இந்து திருமணச் சட்டத்தின் 8-ஆம் பிரிவே அதைச் சொல்கிறது. உங்கள் வழக்கப்படி கல்யாணத்தில் எழுதிய இசைகுடிமானம் இருக்கிறதல்லவா, அதைத் தேடி எடுங்கள். பத்திரிகை, போட்டோ, மொய் நோட்டு எல்லாமே சாட்சிதான். ஊரில் பாதிப் பேருக்குக் கல்யாணச் சான்றிதழ் கிடையாது. உங்கள் வழக்கத்தில் எழுத்தில் ஒரு கல்யாண ஒப்பந்தமே இருக்கிறது.

டி.என்.ஏ.வுக்கு நீங்களாக ஏன் போகக் கூடாது

முடிவைப் பற்றி உங்களுக்குத் துளி பயமும் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நம்புகிறேன். அப்படியிருந்தும் வேண்டாம் என்கிறேன். சோதனைக்கு ஒப்புக்கொண்ட நிமிடமே, சந்தேகப்பட இடமிருக்கிறது என்று நீங்களே சொன்னதாக ஆகிவிடும். இன்றைக்கு அண்ணன், நாளைக்கு இன்னொரு பங்காளி. பையன் பள்ளிக்கூடம் போய் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கும்போது, தன் பெயரில் அப்படி ஒரு காகிதம் வீட்டில் இருப்பதைப் பார்ப்பான்.

நீதிமன்றங்களும் இதே பக்கம்தான். கேட்டவுடன் ரத்தப் பரிசோதனைக்கு உத்தரவிட முடியாது என்று கௌதம் குண்டு வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அபர்ணா ஃபிரோடியா வழக்கில் 2023-ல், பெற்றோர் சண்டையில் பிள்ளையின் பிறப்பைப் போகிற போக்கில் கேள்விக்கு உள்ளாக்கக் கூடாது, அது பிள்ளையின் அந்தரங்க உரிமை என்ற பொருளில் தீர்ப்பளித்தது. உங்கள் கதைக்கு இன்னும் நெருக்கமானது 2021-ல் வந்த அசோக் குமார் வழக்கு. சொத்துத் தகராறில், “நீ எங்கள் பெற்றோரின் மகனே இல்லை, சோதனை எடு” என்று சகோதரிகள் கேட்டார்கள். கையில் வேறு ஆவணங்கள் இருக்கும்போது மறுப்பவரைக் கட்டாயப்படுத்த முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது.

இன்னொரு பக்கத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சோதனை நடந்து முடிவு கையில் இருந்தால், சட்ட அனுமானத்தைவிட அறிவியல் முடிவு மேல் என்று 2014-ல் நந்தலால் வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். நீதிமன்றமே உரிய காரணம் காட்டி உத்தரவிட்ட பிறகு மறுத்தால், அதை உங்களுக்கு எதிராக எடுத்துக்கொள்ளவும் கூடும். ஆகவே “எப்போதும் எடுக்க மாட்டேன்” என்று எழுதாதீர்கள். “திருமணத்தில் பிறந்த பிள்ளை, சோதனைக்குக் காரணம் எதுவும் காட்டப்படவில்லை, ஆகவே சம்மதமில்லை” என்று பதில் போகட்டும். யாரோ சொன்னார்கள் என்று தனியார் லேபில் உமிழ்நீர் கொடுத்துவிட்டும் வராதீர்கள். யாருடைய மாதிரி என்று நிரூபிக்க முடியாத அந்தக் காகிதம் கோர்ட்டில் நிற்காது, ஊர் வாயில் மட்டும் நிற்கும்.

விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து, ஒருபோதும் வேண்டாம். பூர்வீகச் சொத்தில் மகனுக்குப் பிறப்பாலேயே பங்கு வருகிறது. அதை விட்டுக்கொடுக்க உங்களுக்கு மனம் வந்தாலும் உரிமை இல்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் போட்டு, வீட்டின் மேல் இப்போது என்ன பதிவு இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். புள்ளி விஷயம் சட்டத்தில் வராது. அது பையனுக்குக் கல்யாணம் ஆகும்போது வரும் பேச்சு. நாலரை வயதுக்காரனை வைத்து அந்த மிரட்டலா!

சிறைக்குப் போனால் தகப்பன் உரிமை போகுமா?

போகாது. இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், 1956, 6-ஆம் பிரிவு, இயற்கைக் காப்பாளர் என்ற தகுதியை ஒருவர் இழக்க இரண்டே காரணம் சொல்கிறது: இந்துவாக இல்லாமல் போவது, உலகத்தைத் துறந்து சந்நியாசி ஆவது. காவி கட்டினால் போகும், கைதி உடை போட்டால் போகாது!

இதனால் நீங்கள் கைகட்டி நிற்க வேண்டும் என்று அர்த்தமில்லை. “தகப்பனுக்குப் பிறகு தாய்” என்று அந்தப் பிரிவில் இருப்பதற்கு, தகப்பன் இறந்த பிறகு என்று பொருள் அல்ல, அவர் கவனிக்க இயலாத நிலையில் என்பதும் அடங்கும் என்று 1999-ல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. பள்ளிச் சேர்க்கைக்கும் ஆஸ்பத்திரிக்கும் வங்கிக் கணக்குக்கும் காப்பாளராக நீங்கள் கையெழுத்துப் போடலாம். மதுரைக்குப் போய் அவர் கையெழுத்து வாங்கி வா என்று பள்ளி சொன்னால், இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுப் பயமும் வேண்டாம். ஐந்து வயது வரை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்றுதான் சட்டம் சொல்கிறது. ஐந்து முடிந்தால் தகப்பன் வீட்டுக்கு என்று எங்கும் இல்லை. அதற்குப் பிறகு 13-ஆம் பிரிவு சொல்லும் பிள்ளையின் நலன்தான் அளவுகோல். தகப்பனே சிறையில் இருக்கும்போது, பிள்ளையை எடுத்து யாரிடம் கொடுப்பது? சித்திரவதைக் கதை எதுவும் இல்லாத ஒரு தாயிடமிருந்து பிரித்து, அவன் பிறப்பையே சந்தேகிக்கும் பெரியப்பாவிடம் கொடுக்க எந்த நீதிபதியும் முன்வர மாட்டார்.

மனு பார்க்க (சிறையில் இருப்பவரைச் சந்திக்க) கூட்டிப் போவது

பிள்ளையைக் காட்டாமல் இருப்பதை, தகப்பன் செய்த தப்புக்குத் தரும் தண்டனையாக நினைக்கிறீர்கள். பிள்ளை பக்கத்திலிருந்து பாருங்கள். மூன்றரை வருடம் தோளில் ஏறி விளையாடிய மனிதர் ஒருநாள் காணாமல் போய்விட்டார். இரு பெற்றோரின் அன்பும் பிள்ளையின் உரிமை, நேரில் முடியாதபோது வீடியோ அழைப்பிலாவது தொடர்பு இருக்க வேண்டும் என்று 2020-ல் யசிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தாய் சிறையில் இருந்தால் பிள்ளையை ஆறு வயது வரை தன்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று 2006-லேயே வழிகாட்டுதல் தந்த நீதிமன்றம் அது. நீங்கள் அடியோடு மறுத்தால், அவர் காப்பாளர் மற்றும் காப்பிலிருப்போர் சட்டம், 1890-இன் கீழ் மனு போடலாம். சிறையில் இருப்பவருக்கு இலவச வக்கீல் கிடைப்பார். பிள்ளை வசிக்கும் இடத்தில்தான் வழக்கு போட முடியும் என்பதால் உங்கள் மாவட்ட நீதிமன்றத்துக்கே அது வரும். அங்கே “பார்க்கவே விடவில்லை” என்ற பேச்சோடு நிற்பதைவிட, “நானே முன்வந்து இப்படிச் செய்யலாம் என்று எழுதினேன்” என்று நிற்பது எவ்வளவோ மேல்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் கணவர் உங்களையோ பிள்ளையையோ அடித்தவர் இல்லை, பணத்தில் தப்புச் செய்தவர் என்று நீங்களே எழுதியதை வைத்துத்தான் இதைச் சொல்கிறேன். வீட்டுக்குள் வன்முறை செய்தவர், போக்சோ வழக்கில் உள்ளே போனவர் என்றால் என் பதில் வேறாக இருக்கும். அப்படிப்பட்ட கடிதங்களும் எனக்கு வருகின்றன. அந்தச் சகோதரிகள் இதைப் படித்துவிட்டுப் பிள்ளையைக் கூட்டிப் போக வேண்டாம்.

முதல் தடவை நீங்கள் மட்டும் போய் மனு பாருங்கள். “டி.என்.ஏ. கேட்டது நீங்களா?” என்று நேருக்கு நேர் கேளுங்கள். உள்ளே இருப்பவரிடம் வெளியிலிருந்து வந்து “இதில் கையெழுத்துப் போடு, பிள்ளையைப் பார்க்கலாம்” என்றால், படிக்காமலே போடுவார்கள். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட நோட்டீஸ்களில் பாதி, பெயருக்குரியவர் முழுதாக அறியாமல் வந்தவை. பிள்ளையைப் பார்க்கத் துடிக்கும் ஒரே மனிதர், அதே காகிதத்தில் பிள்ளை தன்னுடையதா என்றும் கேட்பது எனக்கே ஒட்டவில்லை.

அப்புறம் வீடியோ அழைப்பில் தொடங்குங்கள். தமிழகச் சிறைகளில் பதிவு செய்த எண்ணுக்குப் போனும் வீடியோ அழைப்பும் இருக்கின்றன. உங்கள் எண்ணைக் கொடுக்கச் சொல்லுங்கள். நேர்ச் சந்திப்பு மாதம் ஒரு முறை என்பது, காரைக்குடியிலிருந்து பஸ் ஏறி மதுரை போய், வரிசையில் நின்று திரும்பும் நாலரை வயதுப் பிள்ளைக்கு அதிகம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, பள்ளி விடுமுறையில், நீங்களோ உங்கள் அப்பாவோ கூட இருக்க, என்று பதிலில் எழுதுங்கள். கம்பி வலைக்கோ கண்ணாடிக்கோ அப்பால் நிற்காமல் பிள்ளையோடு உட்கார்ந்து பேச இடம் கிடைக்குமா என்று சிறைக் கண்காணிப்பாளருக்கு எழுத்தில் கேளுங்கள். கொடுப்பது அவர் விருப்பம், கேட்பதில் நஷ்டமில்லை. தண்டனை நிறுத்தி வைப்பு விதிகள், 1982-இன்படி அவருக்கு விடுப்பு கிடைத்து ஊருக்கு வரும் நாட்களும் உண்டு. பரோல் என்று நாம் சொல்வது அதைத்தான். அந்த நாட்களில் பையன் எங்கே, எத்தனை மணி நேரம் என்பதையும் இப்போதே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் அந்த நாட்களில்தான்.

சிங்கப்பூர்க் கதையை அதற்கு முன்பே முடித்துவிடுங்கள். நான் மனநல ஆலோசகர் இல்லை, ஆனால் வகுப்பில் இன்னொரு பிள்ளை சொல்லி விஷயம் தெரிந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். “அப்பச்சி ஒரு தப்பு செஞ்சுட்டாக. அதுக்காக மதுரையில ஒரு இடத்துல இருக்கணும். முடிஞ்சதும் வருவாக. உன் மேல கோவம் இல்ல.” நாலரை வயதுக்கு இது போதும்.

மாமியார் போன் பற்றி. நோன்பன்று வீட்டுப் பிள்ளைகளுக்கு இழை கொடுப்பார்கள். மூத்த மகன் பிள்ளையை மறுக்க, அப்பத்தா இழைக்கு அழைக்கிறார். அந்த அழைப்பின் பதிவு போனில் இருந்தால் அழிக்காதீர்கள். சாட்சியாக மட்டும் சொல்லவில்லை. அந்த வீட்டில் இன்னும் உங்கள் பக்கம் ஒரு ஆள் இருக்கிறார். நீங்களும் கூடப் போய், இழை எடுத்ததும் அன்றே திரும்புவதாகச் சொல்லிக் கூட்டிப் போகலாம். தனியாக இரவு தங்க விடுவது, பத்திரப் பேச்சு ஓயட்டும், பார்க்கலாம்.

விவாகரத்து பற்றிக் கடைசிப் பக்கத்தில் ஒரு வரி எழுதி அடித்திருக்கிறீர்கள். அடிக்காமலே கேட்டிருக்கலாம். இந்து திருமணச் சட்டத்தில் சிறைத்தண்டனை மட்டுமே விவாகரத்துக்குக் காரணமாகாது. வேறு காரணங்கள் இருந்தால் தனியாகப் பேசுவோம். விவாகரத்தே ஆனாலும் தகப்பன், பிள்ளை உறவு அப்படியேதான் இருக்கும்.

நோட்டீஸுக்குப் பதில் தர 15 நாள் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் உரிமை எதுவும் போகாது, ஆனாலும் விட வேண்டாம். வக்கீல் வைக்கப் பணம் இல்லை என்று தயங்காதீர்கள்; பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணை அழையுங்கள், இல்லையென்றால் தேவகோட்டை கோர்ட் வளாகத்தில் வட்ட சட்டப் பணிகள் குழுவைக் கேளுங்கள். போகும்போது நோட்டீஸ், இசைகுடிமானம், பிறப்புச் சான்றிதழ், தாய் சேய் அட்டை, ஸ்கேன், இவற்றின் நகலை மட்டும் கொடுங்கள். அசல் உங்கள் கையிலேயே இருக்கட்டும்.